நெயில் பாலிஷ் கேட்டு வந்தவர்

புனேயில் சாங்விக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அதுவரை மாடிப்படியில் பார்த்தால் சிரித்ததோடு சரி. "தங்கச்சி, நெயில் பாலிஷ் இருக்கா?" என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் பென்சில், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். அவர் மனைவி நகத்தில் சாயம் பூசி நான் பார்த்ததே இல்லை. "ஏனுங்ணா, யாருக்குங்க?" என்றேன். "கம்ப்யூட்டருக்கு. செவப்பா இருந்தா நல்லது, வச்ச எடம் தெரியணும்லா" என்றார், உறைமோர் கேட்க வந்தவர் போல.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோயம்புத்தூரில் இருக்கும்போதே அந்தப் பெயர் வாங்கியவள். "கம்ப்யூட்டருக்கு என்னுங்ணா, வளைகாப்புங்களா?" என்று கேட்டுவிட்டு, குப்பியை அவர் கையில் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு அது. முன்பின் பழகாதவரிடம் முழுசாகத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. அண்ணா, அவர் மனைவி அண்ணி, அவ்வளவுதான். அவர்களுடைய பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது. வந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு இரும்பு மேசை, அதன்மேல் மூடி கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டி. பிராசஸர் என்று அவர் எடுத்துக் காட்டியது ஒரு சின்னப் புத்தகம் அளவு இருந்தது. அதன் அடியில் தங்க நிறத்தில் பல் பல்லாக ஒரு வரிசை. "இத முந்நூறு வேகம்னு சொல்லி விக்கான். எந்த வேகத்துல ஓட்டணும்னு போர்டு இந்தப் பல்லத் தொட்டுத்தான் தெரிஞ்சுக்கிடும். ஒரு பல்ல மூடிட்டோம்னா பாவம், ஏமாந்துரும். நானூத்தம்பதுல ஓட்டிரும்" என்றார். தீக்குச்சியின் நுனியைச் சீவி, அதில் ஒரு சொட்டு சிவப்பைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு பல்லின்மேல் வைத்தார்.

"எரிஞ்சு போயிராதுங்களா?"

"முந்நூறுங்கிறது பயந்தவன் அடிச்ச நம்பர், தங்கச்சி. இன்னும் போவும்."

இன்னும் போவும். அந்த இரண்டு சொல்லை அப்புறம் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து லிட்டர் குக்கரில் ஆறு லிட்டருக்கான சாதத்தை வைப்பார், அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள். ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் அடியைத் தொட்ட பிறகும் கசார்வாடிப் பட்டறைக்குப் போய்த் திரும்புவார். அங்கே எலக்ட்ரீஷியன் வேலை அவருக்கு. எந்தப் பொருளிலும் அச்சடித்த எண் ஒன்று, அது நிஜமாகத் தாங்கும் எண் வேறொன்று என்பது அவர் கட்சி. "நடுவுல கொஞ்சம் எடம் சும்மா கெடக்கும். வசதி இல்லாதவன் அந்த எடத்துலதான் பொழைக்கணும்" என்பார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இன்னொரு பழக்கம், எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கதவுத் தாழ்ப்பாள், டீ டம்ளர், குழாய், எதுவானாலும். ஏதோ தீட்டு பார்க்கிற ஆள் என்று நினைத்து நான் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். சிரித்தார். "உள்ளங்கையால தொட்டு கரண்டு இருந்துச்சுன்னா கை பொத்திப் பிடிச்சுக்கிடும், விடாது. பொறங்கைன்னா ஒதறிட்டு வந்துரும். தொழில் பழக்கம் தங்கச்சி" என்றார். மகளின் கன்னத்தையும் அவர் அப்படித்தான் தொடுவார். புறங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எடுப்பார்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் இரண்டு குடும்பமும் இரண்டு ஸ்கூட்டரில் கடக்வாஸ்லா அணைக்குப் போனோம். அவர் வண்டியில் அவர், அண்ணி, பாப்பா, ஒரு ஜமுக்காளம், புளிசாதத் தூக்கு, தண்ணீர் கேன். மேட்டில் வண்டி திணறியது. அவர் இறங்கி, குந்தி உட்கார்ந்து, எஞ்சினில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு ஏறிருச்சு. பத்து நிமிசம் விடுவோம்" என்றார். சுட்ட சோளம் வாங்கித் தின்றுகொண்டே என் கணவர் கிண்டல் செய்தார்: "என்னுங்ணா, இன்னும் போவும்னீங்க?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "போவும். ஆனா அது முடியலன்னு சொல்லும்லா, அப்ப நிப்பாட்டிரணும். அது சொல்லுதது நமக்குக் கேக்கணும்" என்றார். கேட்கத் தெரிந்த மனிதர் அவர். அதனால்தான் பிறகு நடந்ததை என்னால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

பாப்பாவுக்குக் காது கேட்காது. பிறந்ததில் இருந்தே கேட்காது. நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, அதில் இருந்து காதுக்கு ஒயர் மாட்டியிருப்பார்கள். அதிலும் இடி இடிப்பது மாதிரி ஏதோ ஒன்றுதான் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவளுக்காக அவர் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். பட்டறை விட்டு வந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வருஷம் எழுதியது. மைக்கில் பேசினால் பேச்சு திரையில் நிறப் பட்டைகளாக விழும். மேலே அவர் சொன்ன சொல்லின் படம், கீழே பாப்பா சொன்னதன் படம். இரண்டும் ஒத்துப்போனால் அவள் சரியாகச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

ஆனால் அந்தக் கணக்கைப் போட அவருடைய மலிவான கம்ப்யூட்டருக்கு நேரம் பிடித்தது. அவள் குரல் கொடுத்து அரை நொடி கழித்துத்தான் படம் வரும். அதற்குள் அவள் வேறு பக்கம் திரும்பிவிடுவாள். "கண்ணாடி முன்னால நின்னு ஒம்மூஞ்சி அரை செகண்டு கழிச்சுத் தெரிஞ்சா, அது நீதான்னு தெரியுமா? அதான் வேகம் வேணும். வேற வாங்க வழியில்ல, இதத்தான் வெரட்டணும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவப்பு காய்ந்த பிறகு பெட்டியை ஓடவிட்டார். சூடு தணிய, பட்டறையில் கழித்துப்போட்ட இரண்டு பெரிய ஃபேன்களைக் கம்பியால் கட்டியிருந்தார். மேசையே அதிர்ந்தது. நாங்கள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பாப்பா முக்காலியில் ஏறி உட்கார்ந்து, பெட்டியின் தகரத்தில் இடது உள்ளங்கையைப் பதித்துக்கொண்டாள். கதகதப்பு பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். அவர் மைக்கை நீட்டினார். "ஆ" என்றாள். அந்தக் கணமே திரையில் நிறம் எழுந்தது. திடுக்கிட்டுப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி "ஆ". மறுபடி நிறம். அது தான்தான் என்று அவளுக்குப் புரிந்த நிமிடத்தை நான் கண்ணால் பார்த்தேன். சிரித்தாள், அந்தச் சிரிப்பும் திரையில் விழுந்தது, அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். அண்ணா சுவர்ப்பக்கம் திரும்பிப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் யாருக்கும் மறைக்காமலே அழுதேன்.

நாலு மாதத்தில் "அப்பா" வந்துவிட்டது. உதட்டை அழுத்தி மூடி, பிறகு பெரிய மூச்சோடு வெடித்து வரும் ஓர் அப்பா. எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். அவர் ஒவ்வொரு தடவையும், "என்னம்மா?" என்று எழுந்து போவார்.

பாப்பா படித்தது காது கேளாதவர்களுக்கான ஒரு மராத்திப் பள்ளி. அங்கே டீச்சர் அண்ணா, அண்ணி இருவரையும் கூப்பிட்டு அனுப்பினாள். இவளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மொழி போதும், மராத்தியே இருக்கட்டும், கையால் ஜாடை காட்டினாலும் தடுக்காதீர்கள் என்று சொன்னாளாம். அண்ணா வந்து என்னிடம் சொன்னார்: "ஒரு பாஷதான் தாங்கும்ங்காங்க. அதுவும் அச்சடிச்ச நம்பர்தானே. இன்னும் போவும்."

அண்ணி அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள். "மராட்டியிலயே பேசட்டுமேங்க. ஏதோ ஒண்ணு பேசுனாப் போதாதா?"

"எனக்கு மராட்டி பட்டறை வரைக்குந்தான் வரும். அவ அதுல பேசுனா நான் அவகிட்ட என்னத்தப் பேச?" என்றார்.

கை ஜாடை பழகிவிட்டால் வாய் சோம்பேறியாகிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் கையைத் தூக்கினால் மெதுவாகப் பிடித்து மடியில் வைத்துவிடுவார். அதட்டவோ அடிக்கவோ மாட்டார். பிடித்து மடக்கி வைப்பார், அவ்வளவுதான். அவர் பட்டறைக்குப் போன பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு ஓடிவருவாள். நாங்கள் இருவரும் கையாலேயே அரட்டை அடிப்போம். கட்டைவிரல் நகத்தை ஆள்காட்டி விரலால் தேய்த்துக் காட்டினால் அது நான். நெயில் பாலிஷ்காரி. எனக்கு அவள் வைத்த பெயர்.

நானூற்றைம்பதும் போதாமல் போயிற்று. ஒரு சொல் போய் இரண்டு சொல், நீளமான சொல் என்று அவர் புரோகிராமை வளர்த்துக்கொண்டே போனார். வேகத்தை ஐந்நூறுக்கு ஏற்றினார். அந்த வேகத்தில் பெட்டி நடுவழியில் உறைந்து நின்றது. நிற்காமல் ஓட வேண்டுமானால் வோல்டேஜை ஏற்ற வேண்டும். இன்னும் இரண்டு பல்லுக்கு என் சிவப்பு வேண்டியிருந்தது. அப்போது சித்திரை மாதம், புனே கொதித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு வோல்ட் குடிக்கிதுக்கு ரெண்டேகால் குடுக்கேன்" என்றார்.

"பட்டறையில நானூறு வோல்ட்ல வேலை பார்க்கறீங்க. கால் வோல்ட்டுக்கா இந்த யோசனைங்ணா?"

"யாருக்குன்னு இருக்குல்லா. இதுக்கு அந்தக் காலே அதிகம்" என்றவர், என்ன ஆகும் என்று நான் கேட்காமலே சொன்னார்: "ஒடனே ஒண்ணும் ஆவாது தங்கச்சி. அதான் இதுல ஆபத்தே. நல்லா ஓடும், முன்னவிட நல்லா ஓடும். உள்ள இருக்க கம்பியெல்லாம் தலைமுடியவிட மெல்லிசு. கொஞ்சங் கொஞ்சமா அரிச்சுக்கிட்டே வரும், வெளிய தெரியாது. ஒரு நா ஆன் பண்ணுவோம், எந்திரிக்காது."

"தெரிஞ்சேவா குடுக்கறீங்க?"

"அவ பேசுத வரைக்கும் தாங்குனாப் போதும்."

பள்ளிக்கு லீவு விட்டார்கள். காலையில் இரண்டு மணி நேரம் பாடம், மாலையில் அவர் வந்த பிறகு இரண்டு மணி நேரம். அந்தக் கோடையின் சொல் "தண்ணி". "அப்பா" சொல்ல உதடு போதும், பார்த்துச் சொல்லிவிடலாம். "தண்ணி"க்கு நாக்கு உள்ளே மடங்க வேண்டும், அது வெளியே தெரியாது. "தத்தி" என்பாள். மேல் படமும் கீழ்ப் படமும் ஒத்துப்போகாது. மறுபடி. "தத்தி". மறுபடி. அவளும் பிடிவாதமாக உட்கார்ந்திருப்பாள், ஒரு கையைத் தகரத்தில் வைத்துக்கொண்டு. இவ்வளவு ஆர்வமா இந்தப் பிள்ளைக்கு என்று நான்கூட வியந்திருக்கிறேன்.

ஒருநாள் மாலை நான் போனபோது அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீர். "தண்ணின்னு சொல்லு, அப்பா தாரேன்." அவள் உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டைவிரல் நகத்தைத் தேய்த்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடியில் வைத்தார். அவள் டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். அவர் பதறிப்போய் டம்ளரை நீட்டிய பிறகும் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் குரலே வரவில்லை. அன்றைக்கு இல்லை, மறுநாள் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. "அப்பா"வும் போயிற்று, "ஆ"வும் போயிற்று. மாடிப்படியில் விழுந்து முழங்கால் தோல் உரிந்தபோது கண்ணீர் கொட்டியது, சத்தம் இல்லை. அப்படி அழும் பிள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் மட்டும் தினமும் பெட்டியை ஓடவிட்டு மைக்கோடு காத்திருந்தார். அவள் முக்காலியில் ஏறி, தகரத்தில் கை வைத்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கூடத்தில் நின்று கத்தினேன். "அந்தப் பொட்டி சுடுதான்னு நாளைக்கு நூறு தடவை தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்களே, இந்தப் புள்ளையத் தொட்டுப் பாத்தீங்களா? ஸ்கூட்டர் முடியலைன்னா உங்களுக்குக் கேக்குது. இவ பத்து நாளாச் சொல்றா, கேக்கலையா? நிறுத்துங்க அந்த எழவ. இனி அது அவ முன்னால ஓடக் கூடாது." அண்ணி சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை கதவைத் தட்டினார். "தங்கச்சி, நெயில் பாலிஷ் அழிக்கித மருந்து இருக்கா?"

குப்பியை முழுசாகக் கொடுத்தேன். பஞ்சில் தொட்டு மூன்று பல்லையும் துடைத்தார். இரண்டு பெரிய ஃபேன்களையும் கழற்றிப் பரண்மேல் போட்டார். பெட்டி பழைய முந்நூறுக்குத் திரும்பியது. அதில் பிறவியில் இருந்த சின்ன ஃபேன் மட்டும் சுற்றியது, காதை வைத்துக் கேட்டால்தான் ஓடுவது தெரியும். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு அன்றைக்குப் பாயசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வெட்கம் கெட்டவள்.

ஆனால் அவர் நிறுத்தியது பாடத்தை மட்டும் அல்ல. அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். "நான் வாயத் தொறந்தா அவ மூஞ்சி மாறுது தங்கச்சி" என்றார். சரி, கை ஜாடையாவது கற்றுக்கொள்ளுங்கள், பள்ளியில் பெற்றோருக்கும் சொல்லித் தருகிறார்களாம் என்றேன். தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "எந்தக் கைய வச்சுப் பேச? அவ கையப் பிடிச்சு மடக்குனவன்லா நான்." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் போகவில்லை.

சில வருஷங்களில் நாங்கள் ஊரின் வேறு பக்கத்துக்கு மாறிவிட்டோம். பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பார்ப்போம். பாப்பா நன்றாக வளர்ந்தாள். பள்ளியில் அவள் கை பேசும் வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியாதாம். குரல் மட்டும் கிடையாது. அவள் அறைக்குள் வந்தால் அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். ஒருமுறை எங்களை வழியனுப்பக் கீழே வந்தபோது அவர் ஸ்கூட்டரின் பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. "இன்னும் போவுமுங்ளா?" என்று பழைய உரிமையில் சீண்டினேன். "வேண்டாம் தங்கச்சி, போட்டுக்கிடுவோம்" என்றார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

அவர் ஐம்பதைத் தொடவில்லை. பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். நாங்கள் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அழுகைச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பாப்பாவுக்குப் பதினைந்து வயது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குந்தி உட்கார்ந்தாள். அவர் கன்னத்தில் புறங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். நான் அண்ணியைப் பிடித்துக்கொள்வதற்குப் பதிலாக அண்ணி என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு பாப்பா என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். அந்த இரும்பு மேசை அங்கே இருந்தது. பெட்டியை ஒரு துண்டு போட்டு மூடியிருந்தார்கள். நோட்டை எடுத்து மராத்தியில் எழுதத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். பத்து வருஷத்தில் நானும் படிக்கும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

"சின்ன வயதில் இதன்மேல் கை வைத்தால் நடுங்கும். அப்பா இதன் முன்னால் உட்கார்ந்தால்தான் நடுங்கும். அதுதான் அப்பா பேசுவது என்று நினைத்தேன். மற்றவர்களுக்குக் காதில் கேட்கிறது, எனக்குக் கையில் கேட்கிறது என்று. இப்போது தெரியும், அது ஃபேன். அப்போது தெரியாது."

பக்கத்தைத் திருப்பினாள்.

"படம் பார்க்க நான் உட்காரவில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். நான் தண்ணி சொல்லாததால் அப்பா நிறுத்திவிட்டார். பிறகு என்னிடம் பேசவே இல்லை. கடைசிவரை கோபமா?"

பேனாவை என்னிடம் நீட்டினாள். வாயால் ஊரையே சமாளிப்பவள் நான். ஒரு வரி எழுதி அடித்தேன், இன்னொன்று எழுதி அடித்தேன். கடைசியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தில் எழுதினேன்: "கோபம் இல்லை. பயம். நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அவள் இரண்டு தடவை படித்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்துபோய்த் துண்டை எடுத்து மடித்து வைத்தாள். ஒயரைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பெட்டி எழுந்துகொண்டது. பாப்பா இடது உள்ளங்கையைத் தகரத்தில் பதித்தாள். பக்கத்தில் நானும் வைத்தேன். பழைய அதிர்வு இல்லை, அந்தச் சின்ன ஃபேன் மட்டும். தூங்குகிற பூனையின் வயிறு மாதிரி லேசாக ஏதோ ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, நோட்டில் ஒரே ஒரு வரி எழுதி என் பக்கம் திருப்பினாள்.

"இது வேறு யாரோ."